முதலில் பாடட்டும்

மாதக் கடைசி வந்தால் நெய்வேலியில் எந்த பிளாக்கிலாவது ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கும். அறுபது வயது நிறைந்தவர்கள் அந்த மாதத்தின் கடைசி நாளில் பணி ஓய்வு பெற்று, மாலையும் சால்வையுமாக வீடு திரும்புவார்கள். அடுத்து குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பது முப்பத்தைந்து வருடம் ஏறியதெல்லாம் பரணிலிருந்து ஒரே வாரத்தில் இறங்கும். பித்தளை அண்டா சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும். பழைய சைக்கிள் காயலான் கடைக்குப் போகும். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்றால் எனக்குப் போன் வரும். முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே அவற்றைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில்.

நெய்வேலிப் பரண்கள் வேறு ஊர்ப் பரண்கள் மாதிரி இல்லை. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. மறு வருடம் சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தார். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல் மின் நிலையம் 1962-ல் மின்சாரம் கொடுத்தது. மண்ணை வெட்டும் பக்கெட் வீல் எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அவற்றோடு ரஷ்யக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் இங்கே வந்து போனார்கள். நம் ஆட்கள் பயிற்சிக்காக அங்கே போய் வந்தார்கள். முந்திரிக்கும் பலாவுக்கும் நடுவில் இருந்த ஊருக்குள் இப்படித்தான் வெளிநாட்டுச் சாமான்கள் வந்து சேர்ந்தன.

உள்நாட்டுச் சரக்குக்கும் குறைவில்லை. காந்தத்தின் பின்புறம் பிலிப்ஸ் முத்திரை போட்ட எட்டு அங்குல ஸ்பீக்கர்கள், அதற்கென்று ஆசாரியிடம் சொல்லிச் செய்த தேக்குப் பெட்டிகள், கல்கத்தாவிலிருந்து வந்த சோனோடைன் பெட்டிகள், கல்யாண வீட்டு அஹூஜா குழாய்கள், துபாய்க்குப் போன மச்சான் கொண்டு வந்த ஜப்பான் செட்டுகள் என்று எல்லாமே என் மேஜையைக் கடந்து போயிருக்கின்றன.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த வாத்தியார் இரண்டு கட்டளைகள் வைத்திருந்தார். ஒன்று, ஒரு பொருளின் மதிப்பு உனக்குத் தெரிந்து உடையவருக்குத் தெரியாவிட்டால், முதலில் அவருக்கு அதைச் சொல், பிறகு விலை பேசு. இரண்டு, பாட வைத்துக் கேட்காமல் எந்த ஸ்பீக்கருக்கும் முடிவு சொல்லாதே. இரண்டாவது கட்டளையின் முழு அர்த்தம் எனக்கு 2014-ல்தான் விளங்கியது.

அந்த ஜூன் மாதக் கடைசியில் சுரங்கப் பிரிவில் ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் கூப்பிட்டிருந்தார். வடலூரில் வீடு கட்டியிருந்தார்கள். சாமான்கள் பாதி ஏறிவிட்டன. கூடத்து மூலையில், போர்வை சுற்றிய இரண்டு பெட்டிகள் இருந்தன.

"தம்பி, இதைப் பாருங்க. ஓடாது. காயலான் கடைக்காரர் சாயங்காலம் வர்றார். அதுக்கு முன்னாடி உங்க கண்ணுல காட்டிடணும்னு வீட்டம்மா சொன்னாங்க" என்றார்.

போர்வையை விலக்கினேன். முழங்கால் உயரத்துக்கும் சற்று அதிகமான மரப்பெட்டிகள். முன்துணியில் பழுப்புக் கரித்தூசி. கம்பெனி பெயர் பொறித்த பட்டை இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் மிஞ்சியிருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பலகையில் ஒரு சிறிய சீட்டு: 4 ஓம், மேட் இன் வெஸ்ட் ஜெர்மனி.

அந்த ஒரு வரியே நிறையச் சொன்னது. மேற்கு ஜெர்மனி என்ற பெயரில் 1990-க்குப் பிறகு எதுவும் செய்யப்படவில்லை. அந்த நாட்டில் ஹைஃபை என்ற சொல்லை இஷ்டத்துக்கு ஒட்ட முடியாதபடி, 1960-களிலேயே டின் 45500 என்று ஒரு தர அளவு வகுத்திருந்தார்கள். நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார். 1983-ல் பக்கெட் வீல் எந்திரப் பயிற்சிக்காக லூபெக் நகரத்துக்கு நான்கு மாதம் போயிருந்தார். சாப்பாட்டுப் படியில் மிச்சம் பிடித்து, திரும்பும்போது இந்த ஜோடியை வாங்கிக் கட்டி எடுத்து வந்திருக்கிறார்.

ஸ்டீரியோ ஆசை ஊரெல்லாம் பரவிய காலம் அது. 1978-ல் இளையராஜாவின் 'பிரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் வந்த பிறகு, இரண்டு பெட்டிகளை இரு பக்கமும் வைத்து நடுவில் உட்கார்ந்து கேட்பது ஒரு மரியாதையாகவே ஆகியிருந்தது.

வாத்தியாரின் முதல் கட்டளைப்படி சொன்னேன்: "சார், இது காயலான் கடைக்குப் போற சாமான் இல்லை. காயில்ல இருக்கிற செம்பு சில கிராம்தான். கிலோக் கணக்குல போட்டா டீச் செலவுக்குத் தேறும். ஆனா சென்னையில பழைய ஹைஃபை சேர்க்கிறவங்க இருக்காங்க. இந்த நிலைமையிலயே அவங்க நல்ல விலை கொடுப்பாங்க. நானே வாங்கிக்கவும் தயார். ஆனா இப்ப விலை பேச மாட்டேன். ஒரு வாரம் கொடுங்க. முதல்ல பாடட்டும்."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையசைத்தார். இரண்டு பெட்டிகளும் என் கடைக்கு வந்தன.

இப்படி ஒரு ஜோடி கிடைத்தால் பலரும் செய்யும் முதல் தவறு, உடனே ஆம்ப்ளிஃபயரில் மாட்டிச் சத்தத்தைத் திருகுவது. நான் முதலில் கண்ணால் பார்ப்பேன், பிறகு விரலால், பிறகு மீட்டரால். காது கடைசியில்தான் வரும்.

முன்துணியைக் கழற்றியதுமே ஒரு நோய் தெரிந்தது. வூஃபரின் காகிதக் கோனைச் சுற்றி, அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஒரு வளையம் உண்டு. நாங்கள் சரவுண்ட் என்போம். கோன் முன்னும் பின்னும் அசைய இடம் கொடுப்பது அதுதான். இந்த ஜோடியில் அது ஃபோமால் ஆனது. விரல் பட்டதும் ஈரமான புட்டு மாதிரி உதிர்ந்தது. பழைய ஃபோம் எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும், பதினைந்து இருபது வருடத்தில் காற்றின் ஈரம் அதைத் தின்றுவிடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஊறும் கடலூர்ப் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். துணியிலோ ரப்பரிலோ சரவுண்ட் செய்த பெட்டிகள் அதே வயதில் திடமாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பெட்டியின் அடிப்பலகை உப்பியிருந்தது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் அடித்தபோது பரண் ஜன்னல் பிய்த்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்ததாம். டவுன்ஷிப்பின் மரங்களில் பாதியைச் சாய்த்தது போல எங்களுக்குத் தோன்றிய புயல் அது. மரத்தூள் அழுத்திய பலகை ஒரு முறை தண்ணீர் குடித்தால் பழைய உருவத்துக்குத் திரும்பாது. ஆனாலும் மூட்டு விடவில்லை.

மீட்டர் வைத்தேன். 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரைக்குப் பக்கத்தில் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வூஃபர்களும் அப்படியே காட்டின. கோனை இரு கைக் கட்டைவிரலாலும் மெல்ல அழுத்தி விட்டேன். காயில் எங்கும் உரசவில்லை. ட்வீட்டர்களுக்கும் உயிர் இருந்தது. அதிர்ச்சியான விஷயம் கிராஸ்ஓவரில்தான் இருந்தது. அதாவது கனத்த ஒலியை வூஃபருக்கும் மெல்லிய உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் பலகை. அதில் 6.8 மைக்ரோஃபாரட் என்று எழுதிய கண்டன்சர் ஒன்று 9-ஐத் தாண்டிக் காட்டியது. வயதாகி உள்ளுக்குள் மின்கசிவு ஏறிய கண்டன்சர் இப்படித்தான் பொய்க் கணக்கு காட்டும்.

இந்த இடத்தில் என் இளமைக் காலத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் இப்படிச் சரவுண்ட் போன ஸ்பீக்கர் வந்தால், கோன், காயில் எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டு, கடையில் கிடைக்கும் தடித்த காகிதக் கோனை ஒட்டிக் கொடுப்பேன். சத்தம் வரும். வாடிக்கையாளர் திருப்தியாகப் போவார். ஆனால் அது பழைய ஸ்பீக்கர் இல்லை. கோனும் காயிலும் சேர்ந்த எடை, சரவுண்டின் நெகிழ்ச்சி, பெட்டிக்குள் அடைபட்ட காற்று, இந்த மூன்றும் ஒரு கணக்கில் கட்டப்பட்டவை. மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தலாம் என்று 1954-ல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் காட்டினார். அதன் பிறகுதான் சிறிய பெட்டியிலிருந்து ஆழமான ஒலி வந்தது. கோனில் சில கிராம் கூட்டினாலும் அந்தக் கணக்கு கலைந்துவிடும். இது புரியாமல் நான் கெடுத்த நல்ல ஸ்பீக்கர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: அழுகியதை மட்டும் மாற்ற வேண்டும், உயிரோடு இருப்பதைத் தொடக் கூடாது.

நான்கு அளவுகளை எடுத்துக்கொண்டேன்: சட்டத்தின் வெளி விட்டம், வளையம் ஒட்டும் உள் விட்டம், வளைவின் அகலம், கோனின் விளிம்பு. சென்னை ரிச்சி தெருவில் சொல்லி வைத்து நான்காவது நாள் வளையங்கள் வந்தன. பழைய ஃபோமையும் பிசினையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஊற வைத்து, மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுக்க ஒரு முழு நாள் ஆனது. அவசரப்பட்டால் காகிதம் கிழியும்.

அடுத்த வேலைதான் நுணுக்கமானது. காயில் நிற்கும் காந்த இடுக்கு ஒரு தடித்த தாள் அகலம்தான் இருக்கும். நடுவில் நிற்காமல் ஒரு தலைமுடி அளவு சாய்ந்து ஒட்டினாலும், ஒவ்வொரு பாட்டிலும் கரகரவென்று உரசும். நடுமூடியைக் கத்தியால் வட்டமாக எடுத்து, பழைய எக்ஸ்ரே பிலிமைக் குச்சி குச்சியாக வெட்டி, காயிலுக்கும் நடுத் தண்டுக்கும் இடையில் சுற்றிலும் சொருகினேன். காயில் நட்ட நடுவில் நின்றது. அப்படியே வளையத்தை ஒட்டி ஒரு நாள் அசைக்காமல் விட்டேன். மறுநாள் பிலிமை உருவி, நடுமூடியைத் திரும்ப ஒட்டினேன். ஈயம் வைத்து இரண்டு பெட்டிக்கும் கண்டன்சர்களை மாற்றினேன். கழற்றிய பழைய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். உடையவரிடம் அவற்றைக் காட்ட வேண்டும் என்பது எங்கள் கடையின் வழக்கம்.

கடைசியாக ஒயரைப் பார்த்தேன். பழைய ஜெர்மன் பெட்டிகளில் ஒரு தட்டை முள்ளும் ஒரு உருண்டை முள்ளும் கொண்ட பிளக் வரும். உருண்டை முள் பிளஸ், தட்டை முள் மைனஸ். நம் ஊர் ஆம்ப்ளிஃபயரில் மாட்டுவதற்காக யாரோ அந்தக் காலத்திலேயே பிளக்குகளை வெட்டிவிட்டு ஒயரை நேராக முறுக்கியிருந்தார்கள். ஒரு பென்சில் செல்லை ஒயர் முனையில் தொட்டுப் பார்த்தேன். ஒரு பெட்டியில் கோன் வெளியே தள்ளியது. இன்னொன்றில் உள்ளே இழுத்தது.

எனக்கு மனசு ஒரு நிமிடம் கனத்தது. ஒரு கோன் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் கனத்த ஒலி ஒன்றை ஒன்று தின்றுவிடும். நடுவில் நிற்க வேண்டிய பாடகர் இரண்டு பக்கமும் சிதறிப்போவார். வாங்கி வந்த நாளிலிருந்து அந்தக் குடும்பம் இந்த ஜோடியின் சரியான குரலை ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. இன்னொரு கேள்விக்கும் விடை கிடைத்தது. இரண்டு முறை ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டர் வெந்துபோனதால்தான் பெட்டிகளைப் பரணில் ஏற்றினோம் என்று அவர் சொல்லியிருந்தார். 2என்3055 போட்டு இங்கே அசெம்பிள் செய்த செட் அது, 8 ஓமுக்குக் கட்டியது. 4 ஓம் பெட்டியை மாட்டிச் சத்தம் கூட்டினால் கரன்ட் இரட்டிப்பாக இழுக்கும். பழி மட்டும் பெட்டியின் மேல் விழுந்திருக்கிறது.

ஒயரைத் திருப்பினேன். 4 ஓமைத் தாங்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எடுத்துக்கொண்டு, சொன்ன தேதியில் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். சாமான் இல்லாத கூடம் எதிரொலிக்கும் என்பதால் ஜமக்காளத்தை விரித்து, பெட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தேன்.

ஸ்பீக்கரைச் சோதிக்க என் கைவசம் இரண்டு இசை உண்டு. ஒன்று தவில். கூடு மாட்டிய விரல் வலந்தலையில் விழும் அடியும், தொப்பியில் குச்சி விழும் அடியும் தனித்தனியாகக் கேட்டால் வூஃபர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று தம்புரா. தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் வைக்கும் நூலால் எழும் ஜீவா, அந்த மெல்லிய ரீங்காரம், ட்வீட்டர் சரியாக இல்லாவிட்டால் செத்துவிடும்.

தவில் ஒலித்ததும் பொறியாளர் எழுந்தே நின்றுவிட்டார். "இதுவா அந்தப் பெட்டி?" என்றார். தவில் எங்கள் மூவருக்கும் நடுவில், சுவரின் மத்தியில் நின்று வாசித்தது. பிறகு ஒரு வாய்ப்பாட்டு. பாடகர் குரலெடுப்பதற்கு முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் சில விநாடிகள்.

"அடி சத்தமெல்லாம் பிரமாதம் தம்பி. ஆனா மேல் சத்தம் இன்னும் வரலையே. அந்தச் சின்ன ஸ்பீக்கர் ஓடலைபோல" என்றார்.

அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "என்னங்க, தம்புரா ஜீவா கூடம் முழுக்க நிக்குதே!"

எனக்கும் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஒயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்திருந்தேன். பிறகு என் செல்போனில் இருந்த சோதனை ஒலிகளைப் போட்டேன். கேட்டால் கை தூக்குங்கள் என்றேன். விநாடிக்கு 1000 அதிர்வுக்குத் தூக்கினார். 2000-க்குத் தூக்கினார். 3000-க்கு யோசித்துத் தூக்கினார். 4000-ல் கை மடியிலேயே இருந்தது. அந்த அம்மாவின் கை மட்டும் உயர்ந்திருந்தது.

இரைச்சலில் வேலை பார்த்தவர்களின் காது முதலில் தேய்வது அந்த 4000 அதிர்வைச் சுற்றித்தான். பேச்சு கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும். அதனால் தேய்வது தெரியாது. தெரியும்போது வருடங்கள் ஓடியிருக்கும். ஒரு பக்கெட்டே 1400 லிட்டர் மண்ணை அள்ளுகிற எந்திரத்தின் மேலும், இரவு பகலாக ஓடும் கன்வேயரின் பக்கத்திலும் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்திருந்தது.

அவரே அமைதியைக் கலைத்தார். "அப்போ பெட்டி நல்லாத்தான் இருக்கு. சரி தம்பி, நீங்களே எடுத்துக்கங்க. எனக்குக் கேட்காத பொருளை வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

எனக்கு அந்த ஜோடியின் மேல் ஆசை இருந்தது. மறைக்கவில்லை. அவர் மனப்பூர்வமாகக் கொடுக்கிறார், நான் அதன் மதிப்பையும் சொல்லிவிட்டேன், கட்டளை எதையும் மீறவில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் நான் இல்லை.

"எனக்குக் கேட்குதே" என்றார் அந்த அம்மா. "நீங்க ஷிஃப்டுக்குப் போன நேரமெல்லாம் இந்த வீட்ல நான்தான் கேட்டேன். அப்பல்லாம் அந்தப் பாட்டுக்காரர் எங்கயோ மூலையில நின்னு பாடினார். இன்னிக்குத்தான் முன்னாடி வந்து உட்கார்ந்திருக்கார். வடலூருக்கு வரட்டும்."

பெட்டிகள் வடலூருக்குப் போயின. காது மருத்துவரைப் பார்க்கும்படி அவரிடம் நான் சொன்னதை அவர் தட்டவில்லை. இப்போது கருவி வைத்துக்கொள்கிறார். தம்புராவின் ஜீவா முன்பு போல இல்லை, ஆனால் இருக்கிறது என்று சொல்கிறார்.

அதற்குப் பிறகு எந்த வீட்டில் பழைய பெட்டி இறங்கினாலும் நான் மூன்று வழிகளைச் சொல்லுவேன். முதல் வழி விற்பது. அது தவறில்லை, இடமில்லாத வீட்டில் செல்லரிப்பதைவிட, கேட்கிறவர் கைக்குப் போவது அதற்கு நல்லது. ஆனால் ஜோடியைப் பிரித்து விற்காதீர்கள். இரண்டாவது வழி, உள்ளே இருப்பதைப் பிய்த்துவிட்டு புளூடூத் பலகை வைத்து அலங்காரமாக்குவது. அதை மட்டும் நான் செய்து கொடுப்பதில்லை. வேறு பெட்டியில் கட்டித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். மூன்றாவது வழி, பழுது பார்த்து வைத்துக்கொள்வது. எந்த வழி என்பதை விலையை வைத்து மட்டும் தீர்மானிக்காதீர்கள். முதலில் பாட வையுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். அந்தப் பெட்டியைக் கேட்டு வாழ்ந்தவர் யார் என்பது அப்போதுதான் தெரியும்.

மெக்கானிக் நண்பர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வேலை முடித்து மூடுவதற்கு முன் பெட்டிக்குள் ஒரு சீட்டு ஒட்டுங்கள். வடலூர்ப் பெட்டியின் பின்பலகைக்கு உள்பக்கம் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: சரவுண்ட் மாற்றியது ஜூலை 2014. கண்டன்சர் மாற்றியது அதே மாதம். கோன், காயில், ட்வீட்டர் பழையவை, தொட வேண்டாம். வூஃபர் அளவுகள் கீழே. 4 ஓம். சிவப்பு ஒயர் பிளஸ். அந்த ஃபோமும் ஒரு நாள் உதிரும். அன்று அந்தப் பெட்டியைத் திறப்பவர் நானாக இல்லாமல் இருக்கலாம். அவருக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கிறது.